உயர்வும் கரைவும்: அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ காட்டும் பணியிடப் பண்பாடு

ஆய்வுச் சுருக்கம்

அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ (1969) பெரும்பாலும் திரையுலக நாவலாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அதனைச் சென்னையின் மேற்கு விளிம்பில் உருவான உழைப்புலகம் பற்றிய நாவலாக வாசிக்கிறது. ஆசிரியர் ஜெமினி ஸ்டூடியோவில் ஊழியராகப் பெற்ற அனுபவம், அவ்வனுபவம் பற்றிய அவரது கட்டுரைகள், ‘புலிக்கலைஞன்’ சிறுகதை ஆகியவை ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றன. பதவி உயர்வையே தனிமனித வளர்ச்சியாகக் கருதும் பொதுக் கருத்தை இப்படைப்புகள் எவ்வாறு ஐயுறுகின்றன என்பதும், அந்த ஐயத்தின் வரம்பு எது என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அசோகமித்திரன், கரைந்த நிழல்கள், புலிக்கலைஞன், பணியிடப் பண்பாடு, திரைத்துறை உழைப்பு, மேற்குச் சென்னை.

முன்னுரை

தமிழ்ப் புனைகதையில் உழைப்பு என்றதும் வயல், தறி, தேயிலைத் தோட்டம், சுரங்கம் ஆகிய களங்களே திறனாய்வாளர் நினைவிற்கு வருகின்றன. சம்பளம் வாங்கும் நகர்ப்புற ஊழியர் புனைகதையில் நிறையவே இடம்பெற்றிருந்தும், அவருடைய குடும்பச் சிக்கல்கள் பேசப்பட்ட அளவிற்கு அவர் வேலை செய்யும் இடம் பேசப்படவில்லை. ஒருவர் தம் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிடும் இடம் அவரை என்னவாக ஆக்குகிறது? அங்கே அவர் வளர்கிறாரா, அல்லது அவர் வகிக்கும் பதவி மட்டும் வளர்கிறதா? இவ்வினாக்களைக் கொண்டு அணுகும்போது ‘கரைந்த நிழல்கள்’ வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

இந்நாவல் ‘தீபம்’ இதழில் தொடராக வெளிவந்து 1969இல் நூலாயிற்று. பத்து அத்தியாயங்கள் கொண்ட இதில் தனியொரு கதைத்தலைவன் இல்லை. ஓர் அத்தியாயத்தின் மையத்தில் நின்றவர் அடுத்ததில் ஓரத்திற்குச் செல்கிறார். சிலர் முற்றாக மறைந்துவிடுகின்றனர். இவ்வடிவத்தைப் புதுமை விழைவின் விளைவாகக் காண்பது எளிது. ஆனால், நாவல் சித்திரிக்கும் தொழிலின் இயல்பே இவ்வடிவத்தைக் கோருகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மேற்கு விளிம்பும் 1960களும்

நாவல் எழுந்த காலத்தில் சென்னையின் மேற்கு, வடமேற்குப் பகுதிகள் வேகமாக மாறிக்கொண்டிருந்தன. அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டிலேயே டி.ஐ. சைக்கிள் ஆலை தொடங்கப்பட்டிருந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்ம பாணிச் சமுதாயத்தை நாட்டின் இலக்காக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கி வைக்கப்பட்டது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை அமைந்தது. 1965இல் ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து ‘விஜயந்தா’ பீரங்கி வண்டி வெளிவந்தது. நெல்வயலும் ஏரியும் சூழ்ந்திருந்த ஊர்களில் ஆலைச் சங்கின் ஒலி நாளைப் பகுக்கத் தொடங்கிய காலம் அது.

இந்நிலப்பகுதியின் தென்கிழக்கு முனையில் கோடம்பாக்கமும் வடபழனியும் இருந்தன. ஏவி.எம். நிறுவனம் 1948இல் காரைக்குடியிலிருந்து இங்கு இடம்பெயர்ந்தது. வாகினி முதலிய ஸ்டூடியோக்களும் இப்பகுதியிலேயே வளர்ந்தன. மலிவாகக் கிடைத்த பரந்த நிலமும் நகருக்கு அருகிலிருந்த அமைவிடமும் ஆலைகளை ஈர்த்தது போலவே படப்பிடிப்பு நிலையங்களையும் ஈர்த்தன. கோடம்பாக்கத்திலிருந்து வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் வழியாகப் போரூர் செல்லும் ஆற்காடு சாலை, அங்கிருந்து பூந்தமல்லி நோக்கி நீளும் தடத்தோடு இணைகிறது.

எனினும் இவ்விரு உழைப்புலகங்களும் பொதுமனத்தில் ஒன்றாக எண்ணப்படவில்லை. ஆவடியில் வேலை பார்ப்பவர் ‘ஃபேக்டரியில் இருப்பவர்’. கோடம்பாக்கத்தில் வேலை பார்ப்பவர் ‘சினிமாவில் இருப்பவர்’. முன்னவருக்கு வருகைப்பதிவும் வைப்புநிதியும் உண்டு. பின்னவருள் மிகப் பலருக்குப் பேட்டா உண்டு; அடுத்த படம் பற்றிய நம்பிக்கை உண்டு. லைட்பாய், தச்சர், வண்டியோட்டி, சமையலாள், உதவி இயக்குநர், தயாரிப்பு நிர்வாகி என நீளும் இவ்வரிசையை ஒரு தொழிற்கூடத்தின் பணியாளர் வரிசையாகத் தமிழ் நாவலில் நிறுத்தியதே அசோகமித்திரனின் முதன்மையான பங்களிப்பு.

ஊழியர் அசோகமித்திரன்

ஜ. தியாகராஜன் என்ற இயற்பெயருடைய அசோகமித்திரன் (1931–2017) செகந்தராபாத்தில் பிறந்தவர். தந்தையின் மறைவிற்குப் பின் 1952இல் சென்னைக்கு வந்து, எஸ்.எஸ். வாசன் நடத்திய ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். 1966இல் அவ்வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார். அப்பணிக்காலம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகள் ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன. அதன் ஒரு பகுதி தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் 12ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்றுள்ளது.

அக்கட்டுரைகளில் அவர் தம் பணியை விவரிக்கும் விதம் கருதத்தக்கது. பல்வேறு பொருள்கள் பற்றிய நாளிதழ்ச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அவர் வேலைகளுள் ஒன்று. நாள்முழுதும் தாள்களைக் கிழித்துக்கொண்டிருப்பவராகத் தென்பட்டதால், அவருக்கு உருப்படியான வேலை ஏதுமில்லை எனச் சுற்றியிருந்தோர் நினைத்தனர். எனவே எவரும் அவர் அறைக்குள் வந்து அறிவுரை கூறலாம். தம் மனக்குறைகளைக் கொட்டலாம். வேலையற்றவராகத் தோன்றியவர், அந்நிறுவனத்தின் மனக்குறைகளை எல்லாம் கேட்கும் இடத்தில் அமர்ந்திருந்தார்.

ஒப்பனைத் துறை பற்றிய அவரது சித்திரம் பணியிடப் படிநிலையின் சுருக்கமாக அமைந்துள்ளது. தலைமை ஒப்பனையாளர் முதன்மை நடிகர்களைக் கவனிப்பார். அவருடைய மூத்த உதவியாளர் இரண்டாம் நிலை நாயகன், நாயகியரைக் கவனிப்பார். அடுத்தவர் நகைச்சுவை நடிகரை. இவ்வாறே இறங்கிச் சென்று, கூட்டத்தில் நிற்போருக்குச் சாயம் பூசும் பொறுப்பு ‘ஆபீஸ் பாய்’ என அழைக்கப்பட்டவரைச் சேரும். அந்தப் ‘பாய்’ நாற்பது வயதைக் கடந்தவர். நடிகராக, இயக்குநராக, பாடலாசிரியராக வரவேண்டும் என்ற கனவோடு பல்லாண்டுகளுக்கு முன் ஸ்டூடியோவில் நுழைந்தவர். தம் தேக்கத்திற்கெல்லாம் கொத்தமங்கலம் சுப்புவே காரணம் என்பது அவர் எண்ணம். ஆசிரியரோ சுப்புவின் திறமையையும், வந்தவர்க்கெல்லாம் சோறிட்ட அவர் வீட்டின் தாராளத்தையும் தவறாது பதிவு செய்கிறார். ஒருவருடைய தேக்கத்திற்கு மற்றொருவரின் தீமை காரணமாக இருக்க வேண்டியதில்லை. இருக்கும் இடங்கள் குறைவாக இருப்பதே போதும். ‘கரைந்த நிழல்கள்’ விரித்துரைக்கும் உண்மையின் வித்து இங்கேயே இருக்கிறது.

செய்திகளைக் கத்தரித்த பணிக்கும் நாவலின் வடிவத்திற்கும் உள்ள உறவும் சிந்திக்கத்தக்கது. கத்தரிக்கப்பட்ட செய்தி ஒருவருடைய வாழ்வின் ஒரு நாளை மட்டும் கூர்மையாகக் காட்டும். மறுநாள் அவர் என்னவானார் என்பது அதில் இராது. நாவலின் அத்தியாயங்கள் ஏறத்தாழ இம்முறையிலேயே இயங்குகின்றன. பயனற்றது எனப் பிறர் கருதிய அலுவலக வேலை, ஓர் எழுத்தாளரின் பார்வை முறையாக மாறியது எனலாம். அவருடைய வளர்ச்சி சம்பளப் பட்டியலில் பதிவாகாத வளர்ச்சி.

நடராஜனின் விடியற்காலை

நாவலின் தொடக்கத்தில் வாசகர் காண்பது வெளிப்புறப் படப்பிடிப்பிற்கான விடியற்கால ஏற்பாடுகளை. தயாரிப்பு நிர்வாகி நடராஜன் வண்டிகளையும் ஆட்களையும் உணவையும் கருவிகளையும் ஒன்றுசேர்க்கப் போராடுகிறான். நட்சத்திரத்தின் ஒளியோ கலையின் பரவசமோ இப்பகுதியில் இல்லை. யார் வரவில்லை, எந்த வண்டி கிளம்பவில்லை, யாருக்குப் பணம் தரவில்லை என்பனவே அவன் மனத்தை நிரப்புகின்றன. ஓர் ஆலையின் மேற்பார்வையாளர் முதல் ஷிஃப்டு தொடங்குமுன் கொள்ளும் பதற்றத்திலிருந்து இது வேறுபட்டதன்று.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஆலை மேற்பார்வையாளரின் அதிகாரம் பதவியின் அதிகாரம். நடராஜனுக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. கடன் சொல்லியும் கெஞ்சியும் அதட்டியும் பழைய உறவை நினைவூட்டியும் அவன் வேலையை நடத்துகிறான். அவனுடைய திறமை முழுவதும் மனிதர்களை அறிந்து வைத்திருப்பதில் உள்ளது. இத்திறமை எந்தச் சான்றிதழிலும் ஏறாது. படம் நின்றால் அதன் மதிப்பும் நின்றுவிடும். ரெட்டியாரின் படம் முடங்கியதும் நடராஜனும் கதையின் மையத்திலிருந்து நழுவுகிறான். அவனுடைய பிற்கால வீழ்ச்சியை நாவல் காட்சிப்படுத்துவதில்லை. பிறர் பேச்சினிடையே வந்து போகும் செய்தியாகவே அது வாசகரை எட்டுகிறது. முதல் அத்தியாயத்தில் அவ்வளவு பேரை எழுப்பி வண்டியேற்றியவன், பின்னர் ஒரு வாக்கியத்தில் முடிந்துபோகிறான். பணியிடம் ஒருவரை மறக்கும் விதத்தை இதனினும் துல்லியமாகக் கூறுதல் அரிது. சோகத்தை வருணிக்க மறுக்கும் ஆசிரியரின் அடக்கம் இங்கு அழகியல் தேர்வாக மட்டும் நிற்கவில்லை. அது அத்தொழிலின் நினைவாற்றல் எத்தகையது என்பதையும் சொல்கிறது.

வேலை தேடி அலையும் ராஜகோபாலின் பகுதி இதற்கு மறுபக்கம். பலருக்குத் தெரிந்தவனாக இருப்பதே அவன் கையிருப்பு. ஆனால் தெரிந்திருப்பது வேலையாக மாறுவதில்லை. ஒருவன் உள்ளே வர வேறொருவன் வெளியேறியிருக்க வேண்டும் என்ற நிலையில் நட்பிற்குள்ளும் கணக்கு புகுந்துவிடுகிறது. ஒருவரின் உயர்வு மற்றொருவரின் கரைவின்மேல் நிற்கிறது. உயர்ந்தவரோ இதைத் திட்டமிட்டுச் செய்தவர் அல்லர். நாவலில் வில்லன் இல்லாமைக்குக் காரணம் இதுவே.

ரெட்டியாரும் ஜயசந்திரிகாவும்

முதலாளி, தொழிலாளி என்ற எளிய எதிர்நிலை இந்நாவலுக்குப் பொருந்தாது. தயாரிப்பாளரான ரெட்டியாரும் கடனுக்கும் கால்ஷீட்டுக்கும் கட்டுப்பட்டவர். நடிகை ஜயசந்திரிகா படப்பிடிப்பிற்கு வர மறுக்கும்போது அவர் அவள் வீட்டிற்கே செல்லும் பகுதி, பணியிட உறவின் உள்முகத்தை வெளிப்படுத்துகிறது. தம் பணம் முழுவதும் ஒரு பெண்ணின் உடல் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் இருப்பதைச் சார்ந்திருக்கிறது என்பதை ரெட்டியார் அறிவார். அதனால் அவள் நோயைக்கூட அவரால் நோயாகக் காண இயலவில்லை. வேலைக்கு நேர்ந்த தடையாகவே காண்கிறார்.

ஜயசந்திரிகாவின் பக்கமிருந்து நோக்கினால், மறுப்பது ஒன்றே அவள் கையிலுள்ள கருவி. பெயரும் புகழும் அவளுக்கு உண்டு. ஆனால் இன்று உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி நம்பப்படும் உரிமை அவளுக்கு இல்லை. ஆலைத் தொழிலாளருக்கு மருத்துவ விடுப்பு என்னும் சொல் இருந்த காலத்தில், திரையில் முதலிடம் பெற்றவளுக்கு அச்சொல் இல்லை. இம்முரண்பாட்டை நாவல் உரத்துக் கூறாமல் காட்சிக்குள் அமைத்துள்ளது. எனினும், ரெட்டியாரின் தவிப்பிற்குள் செல்லும் அளவிற்கு ஜயசந்திரிகாவின் மனத்திற்குள் நாவல் செல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். உழைக்கும் பெண்ணாக அவளைக் காணும் வாய்ப்பை வாசகரே நிறைவு செய்துகொள்ள வேண்டியுள்ளது.

ஸ்டூடியோ அதிபர் ராம ஐயங்கார் தம் மகனிடம் பேசும் பகுதியில் இப்படிநிலையின் உச்சி தெரிகிறது. கட்டியெழுப்பிய தொழில், பெற்ற செல்வம் ஆகிய அனைத்தும் இருந்தும் மகனோடு பேசுவதற்குரிய மொழி அவரிடம் இல்லை. பிறருக்கு ஆணையிட்டே பழகிய குரல், உறவை வேண்டும்போதும் ஆணையாகவே ஒலிக்கிறது. பணியிடத்தில் வளர்ந்த ஆளுமை வீட்டில் சுருங்கிப்போவதை இப்பகுதி உணர்த்துகிறது. அடித்தட்டில் நடராஜன் கரைவதும் உச்சியில் ஐயங்கார் தனித்துப் போவதும் ஒரே பண்பாட்டின் இரு விளைவுகள்.

நல்லவர்கள் நிறைந்த அலுவலகம்

‘புலிக்கலைஞன்’ சிறுகதை இவ்வினாவை ஒரு மதிய இடைவேளைக்குள் அடக்குகிறது. ஸ்டூடியோவின் கதை இலாகாவிற்கு வேலை கேட்டு ஒருவன் வருகிறான். புலிவேடமிட்டு ஆடுபவன்; காதர் என்பது பெயர். முதலில் ஏளனத்திற்குரியவனாகத் தோன்றுபவன், புலியாக மாறும் சில நிமிடங்களில் அவ்வறையையே அச்சத்தில் ஆழ்த்துகிறான். ஆட்டம் முடிந்ததும் பசித்த, கூனிக் குறுகிய மனிதனாக மீண்டும் நிற்கிறான். சர்மாவும் உடனிருப்போரும் நெகிழ்கின்றனர். பின்னர் அவனுக்கு ஒரு வாய்ப்பளிக்க எண்ணி அனுப்பும் கடிதம் உரியவரைச் சேராமல் திரும்பிவிடுகிறது.

இக்கதையைக் கலைஞனின் அவலம் பற்றியதாகக் காண்பது வழக்கம். ஊழியர்களின் பக்கமிருந்து வாசித்தால் மற்றொன்று புலப்படுகிறது. அவ்வறையில் இருப்போர் அனைவரும் இரக்கமுள்ளவர்கள். ஆனால் வேலை தரும் அதிகாரம் எவரிடமும் இல்லை. அவர்களும் சம்பளத்திற்கு அமர்ந்திருப்பவர்கள். தம் இருக்கையின் உறுதியைப் பற்றியே ஐயம் கொண்டவர்கள். கட்டமைப்பு ஒருவருக்கு நல்லவராக இருக்கும் உரிமையைத் தந்து, அந்நன்மையைச் செயலாக்கும் ஆற்றலைப் பறித்துவிடுகிறது. காதரின் ஆட்டத்தைக் கண்டபின் அவர்கள் முன்பிருந்தவர்களாக இல்லை. தம் அலுவலகத்தின் எல்லை எது என்பதை அறிந்தவர்களாகிவிட்டனர். அசோகமித்திரனின் புனைவுலகில் ஊழியர் அடையும் வளர்ச்சி பெரும்பாலும் இத்தகையது: பிறர் நிலையைக் காணும் கண் கூர்மையடைகிறது; கை நீளுவதில்லை.

சங்கம் இல்லாத நாவல்

இவ்வாசிப்பிற்கு எதிராக ஒரு கேள்வி எழலாம். காண்பது மட்டும் போதுமா? தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) நெசவாளர் துயரைச் சித்திரித்ததோடு அவர்கள் ஒன்றுதிரள்வதையும் காட்டியது. அந்நாவலில் தனிமனித வளர்ச்சி என்பது தன் துயர் தனக்கு மட்டும் உரியதன்று என உணர்வது. திரைத்துறையிலும் அமைப்பாகும் முயற்சிகள் இருந்தன. ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் திரைத் தொழிலாளரைச் சங்கங்களில் ஒருங்கிணைத்தவர்கள். நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ 1960இல் வெளிவந்தது. ‘கரைந்த நிழல்கள்’ நாவலின் உலகில் இம்முயற்சிகளின் வலு உணரப்படவில்லை.

இதனைக் குறையாகச் சொல்வதில் நியாயம் உண்டு. கூட்டுச்செயலின் சாத்தியம் கதைக்களத்தில் இருந்தும் புனைவில் எடையற்றுப் போவதால், கரைந்துபோதல் இயற்கை விதிபோலத் தோன்றும் அபாயம் நேர்கிறது. அதே வேளையில், சங்கத்திற்குள் எளிதில் அடங்காதவர்களையே நாவல் தேர்ந்துள்ளது என்பதையும் கருத வேண்டும். தயாரிப்பு நிர்வாகி தொழிலாளியா, முதலாளியின் ஆளா? நடிகை கூலி பெறுபவரா, மூலதனமா? இவ்வினாக்களுக்கு அன்று தெளிவான விடை இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம் நாவல் நூலான மறு ஆண்டு, 1970இல் வந்தது. திரைத் தொழிலாளர், திரையரங்கத் தொழிலாளர் பணி ஒழுங்குமுறைச் சட்டம் 1981இல்தான் நிறைவேறியது. சட்டம் பெயரிடுமுன் இம்மனிதர்களுக்கு நாவல் முகம் கொடுத்தது. அது தீர்வாகாது, ஆயினும் தீர்வு தேடுவோர் யாரைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதை அது காட்டியது.

இன்றைய பொருத்தம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று பொறியியல் பட்டறைகளுக்கும் ஆயத்த ஆடைக் கூடங்களுக்கும் அருகிலேயே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தப் பணியாளரும் ஒரே வாயிலில் நுழைந்து, வெவ்வேறு அடையாள அட்டைகளைக் காட்டுகின்றனர். ஆலை ஊழியர் உறுதியானவர், சினிமா ஊழியர் உறுதியற்றவர் என 1960களில் தெரிந்த வேறுபாடு மங்கியுள்ளது. ஒரு ‘புராஜெக்ட்’ முடிந்ததும் அடுத்ததற்குக் காத்திருக்கும் நிலை, படம் முடிந்ததும் காத்திருந்த ராஜகோபால்களின் நிலைக்கு நெருங்கிவிட்டது. தனிமனித வளர்ச்சி பற்றிய பயிற்சி வகுப்புகள் பெருகியுள்ள காலத்தில், அவ்வகுப்பில் கூறப்படும் வளர்ச்சிக்கு எத்தனை நாற்காலிகள் உள்ளன என்னும் நடராஜனின் வினா பழையதாகவில்லை.

திரைத் தொழிலும் மேற்கு நோக்கி நகர்ந்து பூந்தமல்லிப் பகுதியை எட்டியுள்ளது. 2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லி அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் உயிரிழந்தனர். அவர்களுள் உதவி இயக்குநரும் தயாரிப்புப் பிரிவின் உதவியாளரும் இருந்தனர். 1969ஆம் ஆண்டின் நாவல் யாரை மையத்திற்குக் கொண்டுவந்ததோ, அதே வரிசையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். இச்செய்தி சில நாள் பேசப்பட்டது. திரையுலகை ஒரு பணியிடமாகப் பொதுச் சமூகம் நினைவுகூர இத்தகைய ஓர் இழப்பு தேவைப்படுகிறது என்பதே நாவலை மீள வாசிக்கப் போதிய காரணம்.

முடிவுரை

‘கரைந்த நிழல்கள்’ நாவலைத் திரையுலக இரகசியங்களைத் திறந்து காட்டும் படைப்பாகக் கொள்வது அதன் வீச்சைக் குறைப்பதாகும். மேற்குச் சென்னையின் ஆலைகளும் ஸ்டூடியோக்களும் ஒருங்கே வளர்ந்த காலத்தில், வேலை மனிதரை ஆக்குவதையும் அழிப்பதையும் அது பதிவு செய்துள்ளது. கதைத்தலைவன் இல்லாத அதன் வடிவம், எவரையும் பதிலிட இயலும் என நம்பும் பணியிடத்தின் வடிவமே. பதவி உயர்வை வளர்ச்சியெனக் கொண்டால் இப்படைப்புகளில் வளர்ந்தவர் மிகச் சிலர். அவர்களும் நிறைவடைந்தவர் அல்லர். பிறரைக் காணும் திறனை வளர்ச்சியெனக் கொண்டால், தாள்களைக் கத்தரித்துக்கொண்டிருந்த ஊழியர் முதல் புலியாட்டத்தைக் கண்டு வாயடைத்து நின்ற அலுவலர் வரை பலர் வளர்ந்துள்ளனர். கண்டவர் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அசோகமித்திரன் எழுதவில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களின் இன்றைய உழைப்பைப் புனைவாக்க முனைவோர் தொடர வேண்டிய இடம் அதுவே.